எடைக்குப் போன அமானிதம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பெரணமல்லூர் வட்டாரத்து மஹல்லா ஒன்றின் அலுவலகத்தில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கணினி இருந்தது. தலைக்கட்டுப் பட்டியல், சந்தாக் கணக்கு, நிக்காஹ் தப்தரின் தட்டச்சுப் பிரதி, பைத்துல்மாலின் வட்டியில்லாக் கடன் விவரம், மையவாடிப் பதிவு, பள்ளிக்கு எழுதிவைக்கப்பட்ட நிலங்களின் பத்திர நகல்கள் ஆகிய அனைத்தும் அதனுள்தான் இருந்தன. வளைகுடாவில் பணிபுரியும் ஊர்ச் சகோதரர் ஒருவர் புதிய கணினி ஒன்றை அன்பளிப்பாக அனுப்பினார். கடையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். அரை மணி நேரத்தில் ஒரு பென்டிரைவில் எதையோ எடுத்துப் புதியதில் போட்டார். "எல்லாம் ஏற்றியாயிற்று" என்றார். நாம் அல்ஹம்துலில்லாஹ் என்றோம். அடுத்த வாரமே பழைய பெட்டி எடைக்குப் போட்டு விற்கப்பட்டது.

ஆறு மாதம் கழித்து ஒரு சகோதரி வந்தார். கணவர் இறந்துவிட்டார். வாரிசு தொடர்பான அலுவலுக்குத் திருமணச் சான்று வேண்டும். புதிய கணினியில் நிக்காஹ் கோப்பைத் திறந்தோம். திரை முழுதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் நிறைந்திருந்தன. பத்திர நகல்கள் இருந்த உறையைத் திறந்தோம். உள்ளே இருந்தவை கோப்புகளே அல்ல. பழைய கணினியின் முகப்புத் திரையில் இருந்த குறுக்குவழிச் சின்னங்கள் மட்டுமே. வீட்டை விட்டுவிட்டு வீட்டின் முகவரிச் சீட்டை மட்டும் எடுத்து வந்ததற்கு ஒப்பானது இது. கடன் கணக்கைத் தேடினோம். அது கணக்கு மென்பொருளின் சொந்த உறைக்குள் இருந்தது. ஆவணங்கள் என்று பெயரிட்ட உறையை மட்டுமே எடுத்த இளைஞருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

சகோதரியின் நிக்காஹ் பதிவான காகிதத் தப்தரைச் செல் அரித்திருந்தது. சாட்சிகளில் ஒருவர் மரணித்துவிட்டார். மற்றவர் அயல்நாட்டில் இருந்தார். இத்தா முடிந்து முதன்முறையாக வெளியே வந்த ஒரு பெண்ணைப் பிரமாணப் பத்திரத்துக்கும் சாட்சிக்கும் பல மாதங்கள் அலையவைத்தோம். பைத்துல்மாலில் நடந்தது அதனினும் வெட்கத்துக்குரியது. கடனைத் திருப்பிச் செலுத்திவிட்ட நெசவாளி ஒருவரிடம் மீண்டும் கேட்டோம். செலுத்தாத சிலரைக் கேட்காமலே விட்டோம். அந்த நிர்வாகத்தில் நாமும் அமர்ந்திருந்தோம். ஆகவே இந்தக் கட்டுரையின் குற்றச்சாட்டு முதலில் நம்மீதே விழுகிறது.

நிகழ்ந்ததைக் கேட்டவர்கள் அனைவரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள்: "கடைப் பையன் ஒழுங்காகச் செய்யவில்லை." இந்தத் தீர்ப்பை நாம் மறுக்கிறோம். அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரியாது; நமக்குத் தெரியும். ஆயினும் நம்மில் ஒருவரும் அவர் அருகில் அமரவில்லை. பட்டியல் கொடுக்கவில்லை. ஏற்றியதைத் திறந்து பார்க்கவில்லை. பள்ளியின் உண்டியலை எண்ணும்போது மூன்று பேர் சுற்றி அமர்கிறோம். ஊரின் நாற்பதாண்டு நினைவை இடம் மாற்றும்போது தேநீர் அருந்தப் போய்விடுகிறோம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக நிறுத்தியது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 முறைப்படி இயங்க, டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை. எனவே பள்ளிவாசல், மதரஸா, அறக்கட்டளை அலுவலகங்கள் பலவும் புதிய கணினி வாங்கும் காலம் இது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும் ஆதரவு முடிந்தபோது நடந்த அதே இழப்புகள் இம்முறையும் நடக்கக் காத்திருக்கின்றன.

ஊரின் பதிவேடு எவருடைய சொத்து? நிர்வாகத்தினுடையதா? அல்ல. அது அமானிதம். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தில் கட்டளையிடுகிறான். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகறா 282, தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதாயினும் எழுதச் சோம்பக் கூடாது என்று அவ்வசனம் விரித்துரைக்கிறது. எழுதுவதைக் கட்டளையிட்ட மார்க்கம், எழுதியதைத் தொலைப்பதை மட்டும் பொறுத்துக்கொள்ளுமா? கடன் ஏட்டைத் தொலைத்த நிர்வாகம், கடனை எழுதாத நிர்வாகத்திலிருந்து எவ்வகையில் வேறுபட்டது?

நம் சமுதாயத்தின் முதல் பெரும் தொகுப்புப் பணியை நினைவுகூர்வோம். யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்திருந்த பலர் ஷஹீதாயினர். உமர் (ரலி) அவர்களின் வற்புறுத்தலுக்குப் பின் அபூபக்ர் (ரலி) அவர்கள் தொகுக்கும் பொறுப்பை ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஸைத் (ரலி) நபி (ஸல்) அவர்களின் வஹீயை எழுதியவர். எனினும் தம் நினைவை மட்டும் அவர் நம்பவில்லை. பேரீச்ச மட்டைகளிலும் கற்களிலும் எழுதப்பட்டிருந்தவற்றையும், மனிதர் நெஞ்சங்களில் இருந்தவற்றையும் தேடித் திரட்டி ஒப்பிட்டார். ஒரு மலையைப் பெயர்ப்பது இதைவிட எளிது என்று அவர் கருதினார். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில், ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் இருந்த மூலத்தைப் பெற்று, நால்வர் அடங்கிய குழு படிகள் எடுத்தது. மூலம் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமே திருப்பி அளிக்கப்பட்டது. படிகள் வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்பப்பட்டன.

அல்லாஹ்வின் வேதத்தோடு ஊர்க் கணக்கை நாம் ஒப்பிடவில்லை. அவ்வாறு எண்ணுவதும் தகாது. அந்த நல்லோர் கைக்கொண்ட ஒழுங்கையே சுட்டுகிறோம். தகுதியும் பொறுப்பும் உடையவரை நியமித்தார்கள். தனியொருவர் சொல்லோடு முடிக்கவில்லை. மூலத்தோடு ஒப்பிட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட படிகளை ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் வைத்தார்கள். இந்த ஒழுங்கு நம் மரபில் இருக்க, அரை மணி நேரப் பென்டிரைவை எங்கிருந்து கற்றோம்?

வேதத்தின் வழியைச் சொன்னால் "அது பெரியோர் காலம்" என்பார்கள். எனில் நம் ஊர்த் தறிக்கூடத்துக்கே வாருங்கள். ஆரணி வட்டாரத்தில் தறிச் சத்தம் கேளாமல் வளர்ந்தவர் எவர்? ஒரு பாவு நெய்து தீர்ந்ததும் நெசவாளி என்ன செய்கிறார்? பழைய பாவின் இழைகளை அறுத்தெறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டுவதில்லை. பழைய இழையின் நுனியோடு புதிய இழையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கிறார். ஆயிரக்கணக்கான இழைகள் அவை. பிணைத்தது பண்ணையைக் கடந்து ஒழுங்காக வந்த பின்னரே நெசவு தொடர்கிறது. ஜக்கார்டு அட்டைகளையும் எண்ணிப் பாருங்கள். அட்டையில் குத்திய துளைகள்தாம் முந்தியின் மயிலையும் பார்டரின் மாங்காயையும் உண்டாக்குகின்றன. அட்டைகளில் ஒன்று தவறினாலும், வரிசை மாறினாலும் உருவம் உடைந்துவிடும். 120 கொக்கிப் பெட்டிக்காகக் குத்திய அட்டையை 240 கொக்கிப் பெட்டியில் மாட்டி ஓட்டலாம் என்று எந்த நெசவாளியும் எண்ணமாட்டார். புதிதாகக் குத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கணினித் துறையின் வரலாற்றை எழுதுவோர் இந்தத் துளை அட்டையைத்தான் தம் முன்னோடிகளுள் ஒன்றாகச் சொல்கிறார்கள். அந்த அட்டையோடு வாழும் ஊர்க்காரர்களான நாம், கோப்பை எடுத்துப் போட்டாலே அது புதிய கணினியில் திறந்துகொள்ளும் என்று நம்பினோம்.

நிக்காஹ் கோப்பு ஏன் பொருளற்ற எழுத்துகளாகத் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுவோம். யூனிகோடு பரவலாவதற்கு முன்னர், தமிழைக் கணினியில் எழுத ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி எழுத்துருவையும் குறியாக்கத்தையும் வைத்திருந்தது. பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று பலப்பல. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திவைப்பதே அவற்றின் வேலை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலுள்ள ஆங்கில எழுத்தே தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டில் டாம், டாப் குறியாக்கங்கள் முன்வைக்கப்பட்டன. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடையும் அதற்கு இயலாத இடங்களில் டேஸ் 16 குறியாக்கத்தையும் தமிழக அரசு தரமாக அறிவித்தது. அதற்கு முன் தட்டச்சான மஹல்லாப் பதிவுகள் பலவும் பழைய எழுத்துருக்களில்தான் இருக்கின்றன. கோப்போடு எழுத்துருவையும் எடுத்து வந்திருந்தால் அன்றே படித்திருக்கலாம். மாற்றுக் கருவியால் யூனிகோடுக்கு மாற்றியும் இருக்கலாம். எழுத்துரு இன்னதென்று நினைவுகூரக் கூட ஆளின்றிப் போனது நம் அலட்சியம்.

எழுத்து மாறியதால் நாம் இழந்தது இது முதன்முறை அன்று. கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் அரபுத்தமிழில் எழுதிய மார்க்க நூல்களை நம் பாட்டிமார் வீட்டில் இருந்தபடியே ஓதினார்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளுள் எத்தனை பேரால் அந்த எழுத்தைக் கூட்டிப் படிக்க முடியும்? வட ஆர்க்காட்டுப் பகுதியில் உருதுவில் எழுதப்பட்ட பழைய நிக்காஹ் தப்தர்களின் நிலையும் இதுவே. நூல் அலமாரியில் இருக்கிறது; படிப்பவர் இல்லை. ஒரு தலைமுறையாவது பொறுப்பெடுத்து எழுத்துப் பெயர்த்திருந்தால் இந்த இடைவெளி இவ்வளவு அகன்றிராது.

இனி, நம்மிடம் சொல்லப்படும் சமாதானங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"காகிதம் இருக்கிறதே" என்கிறார்கள். கணினி வந்த நாளிலிருந்து காகிதத்தில் எழுதுவதைக் குறைத்தோமா இல்லையா? சில ஆண்டுகளுக்குப் பின் முற்றிலும் நிறுத்தினோமா இல்லையா? இருக்கும் காகிதத்தையும் செல்லுக்கும் ஈரத்துக்கும் விட்டுவிட்டு, ஆபத்தில் மட்டும் அதன் பெயரைச் சொல்வது தகுமா?

"எல்லாம் செயலாளர் செல்போனில் இருக்கிறது, கூகுள் டிரைவிலும் இருக்கிறது" என்கிறார்கள். அந்தக் கணக்கு யார் பெயரில்? ஊரின் பெயரிலா, செயலாளரின் சொந்தப் பெயரிலா? கடவுச்சொல்லை அறிந்தவர் எத்தனை பேர்? செயலாளர் மரணித்தால், அல்லது தேர்தலில் தோற்றுக் கோபித்துக்கொண்டு போனால், ஊரின் பதிவு அவரோடு போய்விடும். பள்ளியின் சாவியை ஒருவர் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்று திருப்பித் தராதிருந்தால் பொறுப்போமா?

"அல்லாஹ் பாதுகாப்பான்" என்கிறார்கள். ஐயமின்றி அவனே பாதுகாவலன். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு அல்லவா நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள்? கயிறே வாங்காமல் தவக்குல் பேசுவது சோம்பலுக்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டுவதாகும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை எவரும் கூட்டத்தில் சொல்வதில்லை; வெளியே வந்த பின் காதோடு சொல்வார்கள். "பழைய கணக்கைக் கிளறாதீர்கள், பெரியவர்கள் பெயர் கெடும்." நாம் சொல்கிறோம்: கணக்கு நேர்மையாக இருந்த பெரியவர்களுக்கு அந்தக் கணக்கைப் போன்ற சாட்சி வேறில்லை. அது தொலைந்ததால் அவர்கள்மீதும் சந்தேகத்தின் நிழல் விழுகிறது. கணக்கில் பிழை இருந்திருந்தால், அதை இம்மையிலேயே திருத்தும் வாய்ப்பை அவர்களின் வாரிசுகளுக்கு நாம் மறுத்தவர்களாகிறோம். மறுமையின் ஏடு எந்த வன்தட்டிலும் இல்லை. அதை எடைக்குப் போடவும் இயலாது.

பதிவின்மையின் விலையைச் சமுதாயம் முழுவதும் அண்மையில்தான் கண்டது. 2025ஆம் ஆண்டின் வக்ஃபுத் திருத்தச் சட்டத்தைத் தொடர்ந்து, 2025 ஜூன் 6 அன்று உமீத் எனும் மத்திய இணையதளம் தொடங்கப்பட்டது. பதிவான வக்ஃபுச் சொத்துகளின் விவரங்களை அதில் ஏற்ற ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. முன்பிருந்த வாம்சி தளத்தில் ஏற்றியிருந்ததே போதும் என்று இருந்தவர்கள் மீண்டும் முதலிலிருந்து பதிய வேண்டியதாயிற்று. காலக்கெடுவைப் பொதுவாக நீட்டிக்க உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பர் 1 அன்று மறுத்து, தேவைப்படுவோர் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்றது. அச்சட்டத்தைக் குறித்து நமக்குள்ள ஆட்சேபங்கள் வேறு. அவற்றைச் சொல்லும் இடமும் வேறு. ஆனால் அந்த ஆறு மாதங்களில் ஒவ்வொரு முத்தவல்லியும் தேடியது சர்வே எண்ணையும் பத்திரத்தையும் அரசிதழ்ப் பக்கத்தையும்தான். அரசு தன் பழைய தளத்திலிருந்து புதிய தளத்துக்குத் தரவை மாற்றித் தராததை நாம் கண்டித்தோம், கண்டிக்கவும் வேண்டும். நம் பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்கு நாமே மாற்றாததை யார் கண்டிப்பது?

குறை சொல்வதோடு நிறுத்தமாட்டோம். செய்ய வேண்டியவை இவை.

முதலில், பழைய கணினியைத் தொடுமுன் பட்டியல் எழுதுங்கள். எந்தப் பதிவு, எந்த ஆண்டு முதல், எந்த உறையில், எந்த மென்பொருளில், எந்த எழுத்துருவில் என்று எழுத வேண்டும். கணக்கு மென்பொருளின் தரவு எங்கே இருக்கிறது என்பதை அம்மென்பொருளைத் திறந்தே அறியலாம். பழைய பதிப்பில் எழுதிய கணக்கு புதிய பதிப்பில் நேராகத் திறவாது போகலாம். அதற்குரிய மாற்றுக் கருவியைக் கொண்டு ஏற்றி, இறுதி இருப்புத் தொகை இரண்டிலும் ஒன்றாக வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக, கடைக்காரரோடு இருவர் அமருங்கள். ஒருவர் பதிவுகளை அறிந்த முதியவர். மற்றவர் கணினி அறிந்த இளையவர். நம் மஹல்லாப் பெண்மக்களில் கணினி பயின்ற பட்டதாரிகள் பலர் இருக்கிறார்கள். இந்தப் பணிக்கு அவர்களை அழைக்க ஏன் தயங்குகிறோம்? மூல முஸ்ஹஃபைக் காத்தவர் ஹஃப்ஸா (ரலி) எனும் ஒரு பெண்மணி என்பதை மறந்துவிட்டோமா?

மூன்றாவதாக, கணினி உயிர் பெறாவிட்டாலும் உள்ளிருக்கும் வன்தட்டு பெரும்பாலும் நலமாக இருக்கும். அதைக் கழற்றி, பழைய ஐடிஇ அல்லது சாட்டா இணைப்பை யுஎஸ்பிக்கு மாற்றும் கருவி வழியாகப் புதிய கணினியில் பொருத்தலாம். நகலெடுத்த பின் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் இருபுறமும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். ஒவ்வொரு உறையிலிருந்தும் சில கோப்புகளைத் திறந்து வாய்விட்டுப் படியுங்கள். படிக்க முடியாத கோப்பை ஏற்றிவிட்டதாகக் கணக்கில் எழுதக் கூடாது.

நான்காவதாக, பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுங்கள். மூலத்தையும் எழுத்துருவோடு பாதுகாத்துவையுங்கள். மாற்றும்போது சில எழுத்துகள் பிறழக்கூடும். பெயரில் ஓர் எழுத்து மாறினால் வாரிசுரிமையில் ஒரு குடும்பம் மாறும்.

ஐந்தாவதாக, மூன்று படிகள் வையுங்கள். அலுவலகத்தில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, வேறோர் ஊரின் நம்பகமான ஜமாஅத்திடமோ ஜமாஅத்தின் பெயரிலுள்ள இணையச் சேமிப்பிலோ ஒன்று. கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரை வைத்து முத்தவல்லியிடமும் பொருளாளரிடமும் கொடுங்கள். நிர்வாகம் மாறும்போது பள்ளிச் சாவியோடு அந்த உறையும் எழுத்துபூர்வமாகக் கைமாற வேண்டும்.

ஆறாவதாக, ஒரு ரமளான் முதல் மறு ரமளான் வரை பழைய கணினியை விற்காதீர்கள். ஓராண்டின் சுற்றில் ஊருக்குத் தேவைப்படும் பதிவுகள் பெரும்பாலும் ஒருமுறையேனும் வெளியே வந்துவிடும். விடுபட்டது எது என்பது அப்போது தெரியும்.

ஏழாவது, நாம் நினைத்தும் பாராதது. எடைக்குப் போன அந்தப் பெட்டியில் ஜகாத் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல் இருந்தது. கோப்பை அழித்தாலும், மேலோட்டமாக வன்தட்டை ஃபார்மட் செய்தாலும், உள்ளிருப்பதை மீட்டெடுக்க முடியும். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியாதபடி கொடுக்கக் கற்பித்த மார்க்கத்தின் மக்கள், ஏழைகளின் பெயர்களைப் பழைய இரும்புக்காரரிடம் எடைபோட்டுக் கொடுத்தோம். படிகள் சரிபார்க்கப்பட்ட பின்னர், வன்தட்டை முழுவதும் மேலெழுதி அழியுங்கள். இயலாவிட்டால் துளையிட்டு உடையுங்கள். எஞ்சியதை மின்கழிவு பெறும் முறையான இடத்தில் சேருங்கள்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு எவ்வளவு? ஒரு மாற்றுக் கருவியும் ஒரு தனி வன்தட்டும் நம் மஹல்லாவின் ஒரு நாள் இஃப்தார் விருந்தின் செலவைத் தாண்டா. அதற்கு மேல் வேண்டியது இரண்டு மூன்று நாள் உழைப்பு. பள்ளிக்குப் புதிய மினாரா எழுப்ப வாரந்தோறும் கூடுகிறோம். பள்ளி நிற்கும் மண்ணின் பத்திரம் எந்தக் கணினியில் இருக்கிறது என்று கேட்க ஒரு கூட்டமும் கூட்டியதில்லை.

நம் மஹல்லாவில் இப்போது வீடு வீடாகச் சென்று பழைய ரசீதுகளையும் நிக்காஹ் அழைப்பிதழ்களையும் பத்திர நகல்களையும் திரட்டுகிறோம். தொலைந்ததில் ஒரு பகுதி மீண்டிருக்கிறது, பெரும்பகுதி மீளாது. மீண்டும் கடன் கேட்கப்பட்ட அந்த நெசவாளியிடம் நிர்வாகம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டது. அவர் மன்னித்தார். அவர் வீட்டில் பரண்மேல் ஒரு தகரப் பெட்டியில், பைத்துல்மால் ரசீதுகள் அனைத்தும் ஆண்டு வரிசையில் நூல் கோத்து வைக்கப்பட்டிருந்தன. ஊர் தொலைத்ததை அவர் காத்திருந்தார்.

இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் உங்கள் மஹல்லா முத்தவல்லியிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: நம் பழைய கணினி எங்கே? அது இன்னும் மூலையில் இருக்கிறது என்று பதில் வந்தால், இந்த வாரமே இருவர் அதன்முன் அமருங்கள்.

அமானிதங்களைப் பேணுவோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.